சாம்பல் மூடி கேஸ், கருப்பு மூடி பீர்

ஆகஸ்ட் 6, ஞாயிறு

கைக்குப் பயிற்சி கொடுக்க வரும் ஃபியோனா, நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்களும் கொஞ்சம் எழுதி வைப்பது நல்லது என்றாள். மனசு லேசாகுமாம். என் மனசு லேசாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் புது வருஷத்துக்கு வேலையில் கொடுத்த டைரி ஒன்று சும்மா கிடந்தது. வீணாக்குவானேன்.

முதலில் விவரம். நான் வசுமதி, இவர் தெய்வநாயகம். திருநெல்வேலியிலிருந்து, சிட்னிக்கும் தெற்கே தீவிலிருக்கும் இந்த ஹோபார்ட்டுக்கு வந்து கால் நூற்றாண்டு ஓடிவிட்டது. நான் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுக்கிறவள். இவர் தண்ணீர்க் குழாய்களுக்கு வரைபடம் போடும் வேலையில் இருந்தார். மே மாதம் பக்கவாதம் வந்தது. காலுக்கு உயிர் வந்துவிட்டது, பேச்சும் திரும்பிவிட்டது. வலது கை மட்டும் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன சாமான் மாதிரி மடியில் கிடக்கிறது.

இவர் கராஜில் பீர் காய்ச்சுவார். இந்த ஊரில் அது ஊறுகாய் போடுவது மாதிரி. விற்காதவரை யாரும் ஒன்றும் கேட்பதில்லை. நான் குடிப்பதில்லை, வாசனைகூட ஆகாது. ஆனால் ஒவ்வொரு வருஷமும் நவம்பர் முதல் சனிக்கிழமை, இவருடைய பீரைக் குடிக்க எங்கள் கொல்லைப்புறம் நிறைய ஆள் வரும். தோசையும் கோழிச் சுக்காவும் என் பொறுப்பு.

பீர் பாட்டிலுக்கு மூடி அடிக்க இரண்டு கை வேண்டும். கருவியின் இரண்டு பிடிகளையும் ஒரே சமயத்தில் அழுத்த வேண்டும். நேற்று ஒரு கையால் முயன்றார். வழுக்கி, பாட்டிலின் கழுத்து உடைந்தது. இன்று குகதாசனைக் கூப்பிட்டு எல்லாப் பாட்டில்களையும் கொடுத்துவிட்டார்.

குகன் இவரோடு சேர்ந்து காய்ச்சுகிறவர், யாழ்ப்பாணத்துக்காரர், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். பெட்டிகளைத் தூக்கியது அவரும் நானும். இவர் கராஜ் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இனி என்னத்துக்கு, எடத்த அடச்சுக்கிட்டு," என்றார், கடைசிப் பெட்டி குகன் காரில் ஏறிய பிறகு.

குகன் என்னைப் பார்த்தார். நான் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு பெட்டி இருந்த இடத்தைக் கூட்டினேன்.

ஆகஸ்ட் 8, செவ்வாய்

நாள் முழுக்க மழை. இவர் நாள் முழுக்க டிவி. வேலைக்கு நடுவே அடிக்கடி போன் செய்து விசாரித்தேன். ஒரு முறை எடுக்கவில்லை. கழிப்பறையில் இருந்தாராம். போனை அங்கேயும் கொண்டு போகச் சொல்லியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 12, சனி

குகன் போன் செய்தார், இவருக்கு இல்லை, எனக்கு.

"அக்கா, போத்தல்தானே சிக்கல்? கெக்குக்கு மாறினா என்ன? மூடி அடிக்கிற வேலையே இல்லை."

கெக் என்றால் என்ன என்று கேட்டேன். முழங்கால் உயரத்துக்கு ஒரு ஸ்டீல் பாத்திரம், மேலே இறுக்கமான மூடி. காய்ச்சி ஆறிப் புளித்த பீரை மொத்தமாக அதில் ஊற்றி விடுவது. மேலிருந்து கேஸ் அழுத்தும். கேஸ் பீருக்குள் கரைந்து நுரையாகும், பீரைக் குழாய் வழியாக வெளியே தள்ளவும் செய்யும்.

"ஊத்திறது ஒரு கை வேலை எண்டு சொல்லுறியளோ?"

இல்லை, இந்தக் கேள்வியை நான் கேட்டது நம் தமிழில்தான். அவரோடு கொஞ்ச நேரம் பேசினால் எழுத்தில்கூட அவர் பேச்சு ஒட்டிக்கொள்கிறது.

"ஓம். அண்ணைக்குச் சரியா இருக்கும்," என்றார்.

இவரிடம் சொன்னேன். "ஒனக்கு எது தோணுதோ செய்," என்றார். டிவியில் யாரோ இரண்டு பேர் வீடு வாங்கிக்கொண்டிருந்தார்கள். இவர் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

சரி. எனக்குத் தோன்றியதைச் செய்கிறேன்.

ஆகஸ்ட் 19, சனி

ஊருக்கு வடக்கே மூனா பக்கம் பீர் சாமான் விற்கும் கடைக்குப் போனேன். கடையை நடத்துவது மெக் என்ற பெண். தோள்வரை பச்சை குத்தியிருக்கிறாள். இவரை அவளுக்குத் தெரியும். "வெளியே காட்டாத கோபத்தோடு ஈஸ்ட் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாரே, அவரா?" என்றாள். ஆமாம் என்றேன்.

என்ன கேஸ் வேண்டும் என்று கேட்டாள். கேஸில் வகை இருக்கிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். சாதாரண பீருக்கெல்லாம் கார்பன் டை ஆக்சைடு போதும். ஸ்டவுட் என்கிற கருப்பு பீர் பாலாடை மாதிரி நுரைக்க வேண்டுமானால் நைட்ரஜன் கலந்த கேஸ். அதற்கு வேறு சிலிண்டர், வேறு ரெகுலேட்டர், வேறு குழாய். "அவர் எதை ஊற்ற விரும்புகிறார்?" என்றாள். கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

பெரிய சிலிண்டரைத் தூக்கிக் காட்டினாள். எனக்குப் பயமாக இருந்தது. பக்கத்திலேயே, கட்டைவிரல் பருமனில் சின்னச் சின்னக் கேஸ் குண்டுகள் இருந்தன. அதைத் திருகி மாட்ட ஒரு குட்டி ரெகுலேட்டர். பார்க்க சாதுவாக இருந்தது. ஒரு பழைய கெக், ஒரு டஜன் குண்டு, கையில் பிடித்து அமுக்கும் பிளாஸ்டிக் குழாய் எல்லாம் வாங்கி வந்துவிட்டேன்.

கெக்கைத் திறந்தால் உள்ளே கோலா வாசனை. முன்பு அதில் சோடாக் கம்பெனி சர்பத் இருந்ததாம். சோடா உப்பு போட்டு ஊறவைத்திருக்கிறேன்.

இவரிடம் எந்தக் கேஸ் என்று கேட்டேன். "ஒனக்கு எது தோணுதோ."

ஆகஸ்ட் 20, ஞாயிறு

குகனும் நானும் கராஜில் காய்ச்சினோம். இவர் உள்ளேயே இருந்தார். முளைவிட்ட பார்லியின் மால்ட் தண்ணீர் கொதிக்கும்போது, பீருக்குக் கசப்பு கொடுக்கும் ஹாப்ஸ் பூவை எடுக்கக் குகன் காருக்குப் போனார். நான் தோசைக்கு ஊறப்போட நினைவு வந்து சமையலறைக்கு வந்தேன். ஹாலிலிருந்து சத்தம் வந்தது:

"வசு, பொங்குது."

ஓடிப்போய்ப் பார்த்தால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துகொண்டிருந்தது. டிவி சத்தத்தில், மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் பொங்குவது எப்படிக் கேட்டது என்று குகன் ஆச்சரியப்பட்டார். டிவி அணைத்திருந்தது என்று நான் சொல்லவில்லை.

செப்டம்பர் 3, ஞாயிறு

பீர் புளித்து அடங்கிவிட்டது. குகன் வந்து கெக்குக்கு மாற்றிக் கொடுத்துவிட்டுக் குட்டி ரெகுலேட்டரைப் பார்த்தார்.

"அக்கா, இது பிக்னிக்குக்குப் பாவிக்கிறது. நுரை ஏத்திறதுக்கு இது காணாது. குண்டு மாத்தி மாத்தி உங்கட விரல்தான் தேயும்."

நான் அப்படியே மாட்டினேன். குண்டு திருகும்போது புஸ்ஸென்று பனி பூத்து விரல் ஒட்டிக்கொண்டது. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். டஜனும் தீர்ந்தது. கெக்கைக் குளிரில் வைத்துவிட்டு மாலையில் திறந்தால், குழாயில் வந்தது காப்பிக் கடைக் கழுநீர் மாதிரி இருந்தது. ஒரு மடக்கு குடித்தேன், சரிபார்க்கத்தான்.

இவர் ஜன்னலருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் திரும்பியதும் நகர்ந்துவிட்டார்.

செப்டம்பர் 9, சனி

பெரிய சிலிண்டரே வாங்கிவிட்டேன். கார்பன் டை ஆக்சைடு. மெக் காருக்குள் வைத்து சீட் பெல்ட் போட்டுவிட்டாள். எப்போதும் நிற்க வைக்க வேண்டும், கிடத்தக் கூடாது. கசிந்தால் இந்தக் கேஸ் தரையோடு தேங்கும், வாசனையும் கிடையாது. அதனால் கராஜ் கதவு கொஞ்சம் திறந்தே இருக்கட்டும் என்றாள். ரெகுலேட்டரில் இரண்டு மீட்டர்: ஒன்று சிலிண்டரில் எவ்வளவு இருக்கிறது என்பதற்கு, மற்றது கெக்குக்குள் எவ்வளவு போகிறது என்பதற்கு. ரத்த அழுத்தம் பார்க்கிற எனக்கு இது ஒரு வித்தையா.

கராஜில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பூட்டினேன். கெக்கின் தலையில் இரண்டு மூக்கு. ஒன்றில் கேஸ் உள்ளே போகும், மற்றதில் பீர் வெளியே வரும். மாட்டுகிற மூடிகளும் இரண்டு. எதில் எது என்று மறந்துவிட்டது. அழுத்தி அழுத்திப் பார்த்தேன், உட்காரவில்லை.

"சாம்பல் மூடி கேஸு. கருப்பு மூடி பீரு."

வாசலில் நின்றிருந்தார். செருப்பு மாற்றி மாட்டியிருந்தார்.

"மாத்திப் போட்டா மாட்டிக்கிடும், பொறவு கழட்ட முடியாது," என்றார்.

"நீங்க உள்ள போங்க, ஈரத்துல நிக்காதீங்க. நான் பாத்துக்கிடுதேன்."

கொஞ்ச நேரம் நின்றார். "சோப்புத் தண்ணி போட்டுப் பாத்தியா, கசியுதான்னு?"

"பாக்கேன், பாக்கேன். நீங்க போங்க."

போனார். சோறு வடிக்க நேரமாகிவிட்டதால் சோப்புத் தண்ணீரை நாளைக்கு என்று விட்டேன்.

செப்டம்பர் 14, வியாழன்

சிலிண்டர் காலி. மீட்டர் முள் அடியில் படுத்துவிட்டது. கடைக்கு போன் போட்டு, காலி சிலிண்டரைத் தலையில் கட்டிவிட்டீர்களே என்று கேட்டேன். மெக் பொறுமையாக, ரெகுலேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவே ஒரு வெள்ளை வாஷர் போட வேண்டுமே, போட்டீர்களா என்றாள்.

வாஷர் என் ஏப்ரன் பையில் இருந்தது. அங்கே எப்படி வந்தது என்று தெரியவில்லை.

செப்டம்பர் 16, சனி

சிலிண்டரை மாற்றி வந்தேன். இந்த முறை வாஷர் போட்டேன், சோப்புத் தண்ணீரும் போட்டேன். குமிழி வரவில்லை. ஃபியோனா வந்திருந்தாள், கராஜை எட்டிப் பார்த்துவிட்டு, "இதில் அவர் செய்வது எந்தப் பகுதி?" என்று கேட்டாள்.

"அவருக்காகத்தான் எல்லாமே," என்றேன்.

அது அவள் கேள்விக்குப் பதில் இல்லை என்பது போல் தலையாட்டினாள். சின்னப் பெண், பார்த்துக்கொள்வது என்றால் என்னவென்று அவளுக்கு என்ன தெரியும்.

செப்டம்பர் 24, ஞாயிறு

நுரை ஏறிவிட்டது. பிளாஸ்டிக் குழாயை அமுக்கினால் டம்ளர் முழுக்க நுரை, அடியில் இரண்டு விரல் பீர். ஆனால் பீர் பீராக இருந்தது. ஆரஞ்சுத் தோல் மாதிரி ஒரு வாசனை. அரை டம்ளர் குடித்தேன், சரிபார்க்க.

இவருக்கு ஒன்று கொண்டு போய்க் கொடுத்தேன். குடித்துவிட்டு, "ட்யூப் நீளம் பத்தாது. நீளமா இருந்தாத்தான் நிதானமா வரும்," என்றார். பிறகு எழுந்து வந்து, தானே ஒன்று பிடிக்கப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது: அந்தக் குழாயை ஒரு கையால் அமுக்க வேண்டும், டம்ளரை இன்னொரு கையால் பிடிக்க வேண்டும்.

"கொடுங்க, நான் பிடிச்சுத் தாரேன்," என்றேன்.

குழாயை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

செப்டம்பர் 26, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலை வேலையில் கூட்டம். நடுவில் போன் செய்தேன், எடுக்கவில்லை. மறுபடி செய்தேன். பக்கத்து வீட்டு எண்ணுக்குச் செய்தேன், அவர்களும் எடுக்கவில்லை. ஒரு வயதானவரின் கையில் ஊசி ஏற்றப் போனவள், நரம்பு தெரியாமல் நின்றேன். மேலாளர் லொரேன் ஊசியை வாங்கிக்கொண்டு, "நீ வீட்டுக்குப் போ" என்றாள்.

காரில் வரும்போது எனக்கு ஒரே நினைப்புதான். வாசனை இல்லாத கேஸ், தரையோடு தேங்கும் கேஸ். காலையில் கராஜ் கதவைக் குளிருக்காக நானே இறக்கிவிட்டு வந்திருந்தேன்.

கராஜ் கதவு முழுக்கத் திறந்திருந்தது. வெயில் உள்ளே அடித்தது. இவர் முக்காலியில் உட்கார்ந்து, சிலிண்டரை இரண்டு முழங்காலுக்கும் நடுவே இறுக்கிப் பிடித்து, இடது கையில் ஸ்பேனரோடு ரெகுலேட்டரைப் பூட்டிக்கொண்டிருந்தார். தரையெல்லாம் சோப்பு நுரை. புது ட்யூப் ஒன்று சுருளாகக் கிடந்தது, குகன் கொண்டு வந்து கொடுத்திருக்கிறார். போன் சமையலறையில் இருந்தது.

நான் கத்தினேன். என்னவெல்லாம் சொன்னேன் என்று எழுத வேண்டியதில்லை. போன் எதுக்குக் கொடுத்திருக்கு, கதவு மூடி இருந்திருந்தா என்ன ஆயிருக்கும், ஒங்களுக்கு ஒண்ணு ஆனா நான் யாருகிட்டப் போய் நிக்க.

அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். மெதுவாகத்தான் பேசினார்.

"கதவத் தொறந்துட்டுத்தான் தொட்டேன். எனக்குத் தெரியாதா?"

"என்கிட்டச் சொன்னா நான் செய்ய மாட்டனா?"

"செய்வ. எல்லாத்தையும் நீதான செய்யுத. சட்டப் பித்தான் போட்டு விடுத, மீனுக்கு முள்ளு எடுத்து வைக்க, பீரையும் நீயே காச்சி, நீயே ஊத்தி, கையில கொண்டாந்து தார." சோப்புக் கையைச் சட்டையில் துடைத்தார். "பக்கவாதம் வந்து கை ஒண்ணத்தான் எடுத்துக்கிட்டுது, வசு. மிச்சத்த நீ எடுத்துக்கிட்ட."

நான் உள்ளே வந்துவிட்டேன். மாலைவரை கராஜிலிருந்து ஸ்பேனர் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

செப்டம்பர் 27, புதன்

சாம்பார். பேசவில்லை.

செப்டம்பர் 28, வியாழன்

மீன் பொரித்தேன். முள் எடுக்கவில்லை. இவர் சாப்பிட்டு முடிக்க நேரமானது. சாப்பிட்டார்.

அக்டோபர் 1, ஞாயிறு

சிட்னியிலிருந்து மகள் இசைவாணி பேசினாள். அப்பா எப்படி இருக்கிறார் என்றாள். நன்றாக இருக்கிறார் என்றேன். நீ எப்படி இருக்கிறாய் என்றாள். அதற்கென்ன, நான் எப்போதும் போலத்தான் என்றேன். "ஆஸ்பத்திரியில அப்பா கண்ண முழிக்கிற வரைக்கும் நீ அவர் கைய விடவே இல்லம்மா. நர்ஸு சொல்லியும் விடல," என்றாள். எதற்கு அதை இப்போது சொன்னாள் என்று தெரியவில்லை.

வெங்காயம் நறுக்கிக்கொண்டே பேசியதால் கண்ணெல்லாம் எரிந்தது.

அக்டோபர் 5, வியாழன்

லொரேனுக்கு வியாழக்கிழமைகளில் ஆள் போதவில்லை. அதனால் இனி வியாழன் முழு நாளும் வேலைக்குப் போகிறேன். போன வாரம் நான் கேட்டபோது ஆள் இருக்கிறார்கள் என்றுதான் சொன்னாள், பிறகு பார்த்துப் பண்ணிக் கொடுத்தாள். இன்று ஒரு முறைதான் போன் செய்தேன். எடுத்து, "வேலையா இருக்கேன்," என்று வைத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்தால் கராஜிலிருந்த பழைய ஃபிரிட்ஜின் கதவில் ஓட்டை. குகன் பள்ளிக்கூடம் விட்டு வந்து துளை போட்டாராம், எங்கே போட வேண்டும் என்று அளந்து கோடு போட்டுக் கொடுத்தது இவராம். ஃபிரிட்ஜுக்குள் கெக், வெளியே கதவில் ஸ்டீல் குழாய். ட்யூபை உள்ளே வட்டமாகச் சுருட்டிக் கட்டியிருந்தார், வரைபடம் போடுகிறவர் கட்டியது போல ஒழுங்காக.

"ஸ்டவுட்டுக்கு நைட்ரஜன் வேண்டாமா?" என்று கேட்டேன்.

"ஒரு கேஸ மொதல்ல ஒழுங்காப் பாப்போம். இதுலயே ஸ்டவுட்டும் ஊத்தலாம், அழுத்தத்தக் கொறச்சு வச்சா போதும்," என்றார். இரண்டு மாதமாக நான் கேட்ட கேள்விக்கு இன்றுதான் பதில் வந்தது.

அக்டோபர் 8, ஞாயிறு

இவர் ஸ்டவுட் காய்ச்சினார். பாத்திரத்தைத் தூக்க மட்டும் குகன், ஸ்டவுட்டுக்கென்று இன்னொரு கெக்கும் கொண்டு வந்திருந்தார். நான் கொல்லையில் துணி உலர்த்தினேன். பொங்கும் சத்தம் கேட்டது, போகவில்லை. அடங்கியது.

அக்டோபர் 12, வியாழன்

வேலை விட்டு வந்து குப்பை கொட்டப் போனால், தொட்டிக்குள் செய்தித்தாளில் சுற்றி உடைந்த கண்ணாடி டம்ளர்கள். கேட்கவில்லை. கடையில் விலை குறைவாகக் கிடைத்தது என்று ஒரு பெட்டி டம்ளர் வாங்கி கராஜில் வைத்தேன்.

அக்டோபர் 19, வியாழன்

குப்பையில் ஒன்றுதான்.

அக்டோபர் 21, சனி

ட்யூப் நீளமானதும் பீர் நிதானமாக வருகிறது. நுரை இரண்டு விரல் உயரம், அதற்குமேல் இல்லை. நான் ஒரு டம்ளர் குடித்தேன், சரிபார்க்க. முதலில் குடித்ததில் ட்யூபில் தங்கிய பழசு கலந்திருக்கும் என்று இவர் சொன்னதால் இன்னொன்றும் சரிபார்த்தேன்.

சுக்காவுக்கு மல்லி வறுத்து அரைத்து வைத்தேன். அரைக்கும்போது பாட்டு வந்தது. இவர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அக்டோபர் 26, வியாழன்

போன் செய்யவில்லை. லொரேன் இரண்டு முறை, "எல்லாம் சரிதானே?" என்று கேட்டாள்.

நவம்பர் 4, சனி

மலைமேல் இன்னும் கொஞ்சம் பனி இருந்தது, கீழே நல்ல வெயில். நான் ஆட்கள் குறைவாகத்தான் வருவார்கள் என்று நினைத்து மாவு அரைத்திருந்தேன். எல்லோரும் வந்தார்கள். இவருடைய பழைய ஆபீஸ் ஆட்கள், குகனும் அவர் வீட்டுக்காரி யசோதாவும், பக்கத்து வீட்டார், கடை மெக்கூட.

நான் தோசைக் கல்லோடு கொல்லையில் நின்றேன். கராஜ் வாசலில் கூட்டம் கூடியது. யாராவது ஒருவர் இவருக்கு உதவுகிறேன் என்று போய் நிற்பார்கள், அது இவருக்குப் பிடிக்காமல் போகும் என்று எனக்குத் தோசை கருகுகிற அளவுக்குக் கவலை. கரண்டியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நாலு எட்டு போனேன். பிறகு நின்றுவிட்டேன்.

குகன்தான் முதலில் டம்ளரை நீட்டினார். "அண்ணை, நான் பிடிக்கட்டோ?"

"நீ தள்ளி நில்லு," என்றார் இவர்.

இடது கையால் டம்ளரை வாங்கிச் சாய்த்துப் பிடித்தார். தோளிலிருந்து வலது கையைத் தூக்கினார். விரல் ஒன்றும் செய்யவில்லை. மணிக்கட்டை மட்டும் குழாயின் பிடிமேல் கொண்டுபோய் வைத்து, கொக்கி போல மாட்டி, முன்னால் இழுத்தார். பீர் வந்தது. டம்ளரை மெதுவாக நிமிர்த்தினார். நிறைந்ததும் மணிக்கட்டின் முதுகால் பிடியைத் தள்ளி மூடினார். ஒரு சொட்டு தரையில் விழவில்லை.

யாரும் கைதட்டவில்லை. தட்டியிருந்தால் இவர் உள்ளே போயிருப்பார். குகன் டம்ளரை வாங்கிக் குடித்துவிட்டு, "கொஞ்சம் கசப்புக் காணாது," என்றார். இவர் சிரித்தார். மே மாதத்துக்குப் பிறகு பல் தெரியச் சிரித்தது இன்றுதான்.

அதன் பிறகு வரிசை. அந்தக் கை எத்தனை முறை மேலே போய் வந்தது என்று எனக்குத் தெரியாது. நான் தோசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மெக் ஸ்டவுட்டைக் குடித்துவிட்டு என்னிடம் வந்து, நைட்ரஜன் இல்லாமலே இப்படி வந்திருக்கிறதே என்றாள். அது அவர் முடிவு என்றேன். "காய்ச்சியது நீங்களோ என்று நினைத்தேன்" என்றாள். இல்லை, அவர்தான் என்றேன். சொல்ல நன்றாக இருந்தது.

எல்லோரும் போன பிறகு சட்டையில் பீர் வாசனையோடு வந்து சமையலறையில் உட்கார்ந்தார். நான் தட்டு கழுவிக்கொண்டிருந்தேன்.

"ஒனக்கு ஊத்தவே இல்லையே," என்றார்.

"நான் எங்க குடிக்கப் போறேன்."

"ஆமா, நீ சரிபாக்கத்தான செய்வ," என்றார்.

நவம்பர் 5, ஞாயிறு

கெக் இரண்டும் காலி. நிறையத் தூங்கினோம்.

நவம்பர் 14, செவ்வாய்

எனக்கு விடுமுறை. கெக் மூடிக்கு ரப்பர் வளையம் வாங்க வேண்டும் என்றார். நான் கார் சாவியை எடுத்தேன்.

"பஸ்ஸுல போய்ட்டு வாரேன்," என்றார்.

பக்கவாதத்துக்குப் பிறகு பஸ் ஏறியதில்லை. பஸ் கார்டு எங்கே, போன் எங்கே என்று நாக்கு நுனிவரை வந்தது. ஜன்னலிலிருந்து பார்த்தேன். பஸ் வந்தது, கம்பியை இடது கையால் பிடித்து ஏறினார். டிரைவர் காத்திருந்தான்.

பதினைந்து நிமிஷப் பயணம். மதியம் ஆனது, வரவில்லை. வீடு முழுக்கத் துடைத்தேன். துடைத்ததைத் திரும்பவும் துடைத்தேன். போனை எடுத்தேன், வைத்தேன். பிறகு அதுவே அடித்தது.

"வசு, பயப்படாத. திரும்பி வாரதுக்கு வேற பஸ்ஸு மாறி ஏறிட்டேன் போல. கண்ணசந்துட்டேன். முழிச்சுப் பாத்தா நியூ நார்ஃபோக்கு."

நியூ நார்ஃபோக் ஆற்றோரமாக எவ்வளவோ தள்ளி இருக்கிறது. "அங்கனயே இருங்க, நான் காரு எடுத்துட்டு" என்று ஆரம்பித்தவள் நிறுத்தினேன். அந்தப் பக்கம் இவர் காத்திருந்தார்.

"சாப்பிட்டீங்களா?" என்றேன்.

"பேக்கரியில உக்காந்திருக்கேன். பக்கத்துல ஒரு அம்மா பேசிக்கிட்டு இருக்கா. அடுத்த பஸ்ஸுல வாரேன்."

"சரி," என்றேன்.

போனை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் வெயிலில் உட்கார்ந்து தூங்கிக்கூடப் போனேன்.

நாலு மணி பஸ்ஸில் வந்தார். ரப்பர் வளையம் சட்டைப் பையில். இடது கையில் ஒரு தொட்டி, அதற்குள் சின்னதாக ஒரு கொடி, இரண்டு மூன்று இலை, அதைக் கீழே விடாமலே எப்படி பஸ்ஸில் ஏறி இறங்கினாரோ. பேக்கரி அம்மாள் வீட்டில் வேலியோரம் ஹாப்ஸ் கொடி நிறையப் படர்ந்திருக்கிறதாம். இவர் பீர் காய்ச்சுகிறவர் என்றதும், வீட்டுக்குக் கூட்டிப் போய்த் தோண்டிக் கொடுத்தாளாம்.

கொல்லையில் வடக்கு வேலியோரம், வெயில் விழும் இடமாகப் பார்த்துக் குழி தோண்டினோம். மண்வெட்டி என் கையில், எங்கே தோண்டுவது என்பது அவர். இது கூரை உயரத்துக்கு ஏறும், கயிறு கட்ட வேண்டும் என்றார். கட்டலாம் என்றேன். மண்ணை இடது கையால் தள்ளி மூடிவிட்டு, வலது கையை அதன்மேல் வைத்துத் தோளால் அழுத்தினார்.

"மூணு வருசமாவது ஆகுமாம், நல்லாப் பூக்க," என்றார்.

"ஆகட்டும்," என்றேன். தண்ணீர் ஊற்றினோம்.